கணனி சொன்ன தீர்ப்பு

சென்ற கிழமை இடைவேளையின்போது நம் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் கைகலக்கும் நிலைக்கு அணித்தாக வந்துவிட்டனர். காரணம் கிரிக்கெற்றுமன்று, சினிமாவுமன்று. முஹம்மத் அலியும் றொக்கி மார்சியானோவும் மோதியபோது வென்றவர் யார் என்பதே வழக்கு. ஒருவன் தன் கைத்தொலைபேசியிற் சான்றையே வைத்திருந்தான். கல்லூரிக்குத் தொலைபேசி கொண்டுவரலாகாது என்னும் விதியை அவ்வேளை நாம் மறந்துபோனோம். அதிபர் இப்பகுதியை வாசிப்பாராயின் பொறுத்தருள்வாராக. சின்னஞ்சிறு திரையிலே பதின்மூன்றாஞ் சுற்று நடந்துகொண்டிருந்தது. அலி சரிந்து விழுகிறார், நடுவர் எண்ணுகிறார், மார்சியானோ வென்றவராகிறார்.

"கண்ணாலை கண்டபிறகும் என்ன கதை, சேர்?" என்றான் அவன்.

"ஐரோப்பாவிலை காட்டின படத்திலை அலிதான் வென்றவர். நான் வாசிச்சனான், சேர்" என்றான் மற்றவன்.

விந்தை யாதெனில், இருவர் சொன்னதும் மெய். அதனினும் பெரிய விந்தை, அலியும் மார்சியானோவும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் மெய்யான போட்டியில் எதிர்நின்றதில்லை என்பது. 49 போட்டிகளில் ஏறி 49இலும் வென்று, அவற்றுள் 43இல் எதிராளியை முழுச் சுற்றும் நிற்கவிடாது முடித்த மார்சியானோ, 1956 ஏப்ரல் 27இல் ஓய்வுபெறுவதாக அறிவித்தார். அன்று அலிக்கு வயது பதினான்கு. கசியஸ் கிளே என்ற பெயருடன் கென்றக்கி மாநிலத்து லூயிவில் நகரில் அவர் பள்ளிச் சிறுவராயிருந்த காலம் அது. அவ்வாறாயின் அம்மாணவன் காட்டிய படம் எங்கிருந்து வந்தது? அன்று மணி அடிக்குமுன் சொல்லி முடிக்க இயலாத கதையை இக்கிழமை வாசகர் முன் வைக்கிறோம்.

மியாமி நகரில் மரே வொறோனர் என்றொரு வானொலித் தயாரிப்பாளர் இருந்தார். அதிபாரப் பிரிவின் பழைய சம்பியன்களுள் யார் யாரை வெல்வர் என்பது அமெரிக்க முடிதிருத்தும் நிலையங்களிலும் மதுச்சாலைகளிலும் ஓயாத வாதம். இவ்வாதத்தைக் காசாக்கலாம் என்று வொறோனர் கண்டார். கணனி என்றாலே மக்கள் வாயடைத்து நின்ற காலம். குத்துச்சண்டை அறிந்த எழுத்தாளர் பலரிடம் ஒவ்வொரு வீரரைப்பற்றியும் வினாக்கள் அனுப்பி, வேகம் எவ்வளவு, குத்தின் வலு எவ்வளவு, அடி தாங்குந் திறன் எவ்வளவு, முகத்தோல் எளிதிற் கிழியுமா, நெஞ்சுரம் எத்தகையது என்றெல்லாம் புள்ளியிடுவித்தார். அப்புள்ளிகள் என்.சி.ஆர். 315 என்னுங் கணனிக்குள் ஊட்டப்பட்டன. 1967இல் பதினாறு வீரர் கற்பனையில் மோதினர். கணனி கக்கிய விவரத்தைக் கொண்டு வருணனையாளர் மெய்யான போட்டியையே காண்பவர்போல் ஆர்ப்பரித்தார். பின்னணியிற் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்க்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து கேட்டனர். இறுதிப் போட்டியில் மார்சியானோ, 1919இல் சம்பியனான ஜாக் டெம்ப்சியைப் பதின்மூன்றாஞ் சுற்றில் வீழ்த்தினார். 'பதின்மூன்று' என்னும் எண்ணை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

அலியின் கதி யாதாயிற்று? காலிறுதிப் போட்டியிலேயே ஜிம் ஜெவ்றிசிடம் அவர் தோற்றதாகக் கணனி கூறியது. அலி கொதித்தெழுந்தார். பத்து இலட்சம் டொலர் கேட்டு வொறோனர்மீது வழக்குத் தொடுத்தார். கற்பனைத் தோல்விக்கு இத்துணைச் சினம் ஏன் என்று நம் மாணவன் கேட்டான். ஜெவ்றிஸ் யார் என்று அறிந்தால் அது விளங்கும். 1899 முதல் 1905 வரை உலக சம்பியனாக இருந்த அவர், தம் பட்டத்துக்காகக் கறுப்பின வீரர் எவருடனும் மோத மறுத்தவர். ஓய்வுபெற்றுத் தோட்டஞ் செய்து உடல் பெருத்திருந்த அவரை, ஜாக் ஜோன்சன் என்ற கறுப்பின சம்பியனிடமிருந்து பட்டத்தை மீட்டுத்தா என்று வெள்ளையர் பலர் இரந்து அழைத்துவந்தனர். ஏறத்தாழ நூறு இறாத்தல் எடையைக் கரைத்துக்கொண்டு, 35ஆவது வயதில், 1910 ஜூலை 4இல் றீனோ நகரில் அவர் மேடையேறினார். பதினைந்தாஞ் சுற்றில் ஜோன்சன் அவரை முறியடித்தார். அச்செய்தி பரவியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன. அத்தகைய ஜெவ்றிசிடம், அதுவும் மேடையேறவே தமக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த வேளையில், தோற்றதாகச் சொல்லப்பட்டாற் கறுப்பின மகன் ஒருவன் கொதியாது என் செய்வான்?

ஆம், அலிக்கு அப்போது தடை. வியட்நாம் போருக்காகப் படையிற் சேர அழைக்கப்பட்டபோது, 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்ரன் நகரில், தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்று கூறி அவர் மறுத்தார். உடனே அவரது உரிமப்பத்திரமும் பட்டமும் பறிக்கப்பட்டன. ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறையும் பத்தாயிரம் டொலர் தண்டமும் விதித்தது. மேன்முறையீடு செய்தபடியாற் சிறை புகவில்லை. கடவுச்சீட்டு இல்லாமையால் வேறு நாடு சென்று போட்டியிடவும் வழியில்லை. 29 போட்டிகளில் தோல்வியே காணாத 25 வயது வீரர் தொழிலின்றி நின்றார். கல்லூரிகளுக்குச் சென்று சொற்பொழிவாற்றிப் பிழைத்தார்.

வழக்கு நீதிபதிவரை போகாமற் சமாதானமாயிற்று. பத்தாயிரம் டொலரும் வரும்படியில் ஒரு பங்கும் தருவேன், மார்சியானோவுடன் மோதுவதுபோல் நடித்துத் தருக என்றார் வொறோனர். நீதிமன்றம் இட்ட தண்டமும் அதே பத்தாயிரம் என்பதை எண்ணும்போது நமக்குச் சிறிது கசப்பான நகைப்பு எழுகின்றது. அலி இசைந்தார். அவ்வாறே மார்சியானோவும் இசைந்தார்.

1969 கோடையில் மியாமியில், பார்வையாளர் இல்லாத அடைத்த கூடமொன்றில், இருவரும் சந்தித்தனர். மார்சியானோவுக்கு வயது 45. மேடையை விட்டுப் பதின்மூன்றாண்டுகள். இதற்காக அவர் ஐம்பது இறாத்தலளவு எடை குறைத்தார். வழுக்கையை மறைக்கப் பொய்மயிர் அணிந்தார். ஒரு குத்திலே அது பறந்து விழ, படப்பிடிப்பை நிறுத்தவேண்டி நேர்ந்தது என்பர். அலிக்கு வயது 27. இடுப்பிற் சற்றே சதை போட்டிருந்தது. ஒவ்வொரு நிமிடமாக எழுபதுக்கு மேற்பட்ட சுற்றுக்கள் படமாக்கப்பட்டன. தலையிற் குத்தும்போது கையைத் தளர்த்துவர். உடம்பிற் பட்டவற்றுள் மெய்யான குத்துக்களும் இருந்தன. செயற்கைக் குருதி பூசப்பட்டது. இன்னார் வீழ்வது, அவர் எழுவது, மற்றவர் வீழ்வது எனப் பல்வேறு முடிவுகளும் எடுத்துவைக்கப்பட்டன. எது மெய்யான முடிவென்று நடித்த இருவருக்குமே சொல்லப்படவில்லை. அதனைக் கணனி பின்னர் அறிவிக்கும் என்பது விளம்பரம்.

மார்சியானோ அம்முடிவை அறியவே இல்லை. படப்பிடிப்பு முடிந்து சில கிழமைகளுள், 1969 ஓகஸ்ட் 31இல், அவர் சென்ற சிறு விமானம் அயோவா மாநிலத்து நியூற்றன் நகருக்கு அருகில் வீழ்ந்து நொறுங்கியது. மறுநாள் அவரது 46ஆவது பிறந்தநாள்.

1970 ஜனவரி 20ஆம் நாள் இரவு அப்படம் ஆயிரத்துக்கு மேற்பட்ட படமாளிகைகளில் ஒரேயொரு முறை காட்டப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டியதில் மார்சியானோ பதின்மூன்றாஞ் சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவுக்கு அனுப்பிய படியில், முகம் கிழிந்து குருதி பெருகியமையால் மார்சியானோவை நடுவர் நிறுத்த, அலி வென்றார். ஒரே கணனி, ஒரே புள்ளிகள், ஒரே படச்சுருள். கடல் கடந்ததும் தீர்ப்பு மாறிற்று! இறந்துபோன வெள்ளை வீரரை வெல்லவைத்தால் அமெரிக்கர் மகிழ்வர். படைக்குச் செல்ல மறுத்த கறுப்பின இளைஞரை வெல்லவைத்தால் ஐரோப்பியர் மனங்கோணார் என்பதை அறியக் கணனியும் வேண்டுமா? அந்தக் கணனி அலபாமாவிற் செய்யப்பட்டதாக்கும் என்று அலி கேலி பேசினார் என்பர். நிறவேற்றுமைக்குப் பேர்போன தென்மாநிலம் அலபாமா.

இனி அந்தப் பதின்மூன்றுக்கு வருவோம். 1952 செப்டெம்பர் 23இல் பிலடெல்பியாவில் மார்சியானோ முதன்முதற் பட்டம் வென்ற போட்டியை எடுத்துக்கொள்க. எதிராளி ஜேர்சி ஜோ வால்கொற். முதலாஞ் சுற்றிலேயே மார்சியானோ தரையில் வீழ்ந்தார். அவர் தம் வாழ்நாளில் வீழ்ந்தது அதுவே முதல் தடவை. பன்னிரண்டு சுற்றுக்கள் முடிந்தபோது நடுவர் மூவரின் ஏட்டிலும் அவர் பின்தங்கியே இருந்தார். அதன்பின் ஒரேயொரு வலக்கைக் குத்து, அதுவும் ஓரடி தூரமும் போகாத குறுங்குத்து. வால்கொற் கயிற்றைப் பற்றியபடி முழந்தாளிற் சரிந்தார், எழவில்லை. அது பதின்மூன்றாஞ் சுற்று. பதினைந்து ஆண்டுகளின் பின் கணனி டெம்ப்சியை வீழ்த்தியதும் பதின்மூன்றாஞ் சுற்றில். அலியை வீழ்த்தியதும் பதின்மூன்றாஞ் சுற்றில். எதை ஊட்டினார்களோ அதையே அது திருப்பிக் கொடுத்தது. பாடநூற் குறிப்பை மனனஞ் செய்து வினாத்தாளில் அப்படியே ஒப்புவிக்கும் மாணவர் சிலரை நாம் அறிவோம். அவர்களைக் குறைகூறுவதற்கு இனி நமக்கு வாயில்லை.

கணனி அறியாத இன்னொன்றும் உண்டு. அதுவே நமக்குப் பெரிதாகப் படுகின்றது. 1969இல் அதற்கு ஊட்டப்பட்ட அலி பாதி அலியே. அதுவரை அவர் பெயர் பெற்றது அடி வாங்காமைக்கு; அடி தாங்குவாரா என்பதை எவரும் அறியார். 1971 மார்ச் 8இல் ஜோ பிறேசியரின் இடக்கைக் குத்தில் மல்லாந்து வீழ்ந்து, எண்ணி முடிக்குமுன் எழுந்து நின்ற அலி அக்கணக்கில் இல்லை. 1974 ஒக்டோபர் 30இல் கின்ஷாசாவிற் கயிற்றில் முதுகு சாய்த்து, ஜோர்ஜ் போர்மனின் பேரிடிகளை ஏழு சுற்றுக்கள் வாங்கி, எட்டாஞ் சுற்றில் அவரை வீழ்த்திய அலியும் இல்லை. அந்த நெஞ்சுரத்தை 1969இல் எந்த எழுத்தாளர் புள்ளியிட்டிருப்பார்? மறுபுறம், கால்கள் பறந்துகொண்டிருந்த அலியும் 1967 மார்ச் 22இல் சோறா பொலியை வென்ற இரவோடு மறைந்துவிட்டார். மூன்று ஆண்டுகளும் ஏழு மாதங்களும் கழித்து, 1970 ஒக்டோபர் 26இல் அற்லான்ராவில் மீண்டும் மேடையேறியவர் வேறொருவர். 25 முதல் 28 வரையான வயதில் அவர் எத்தகைய வீரராக இருந்திருப்பார்? அவ்வயதின் அலி மேடையில் நின்று குத்திய பதிவைத் தேடினால், நமக்குக் கிடைப்பது பொய்மயிர் அணிந்த முதியவரோடு ஆடிய இந்நாடகமே. அம்மாணவன் தொலைபேசியில் இருந்தது அது.

இரு காலத்து வீரரை ஒப்பிட மெய்யான பாலம் ஏதும் இல்லையா என்று கேட்கலாம். ஒருவர் உண்டு: ஆர்ச்சி மூர். 1955 செப்டெம்பர் 21இல் மார்சியானோவின் இறுதிப் போட்டியில் எதிர்நின்றவர் அவர். இரண்டாஞ் சுற்றில் மார்சியானோவைத் தரையில் வீழ்த்தி, ஒன்பதாஞ் சுற்றில் தாம் வீழ்ந்தார். 1962 நவம்பர் 15இல் லொஸ் ஏஞ்சலிசில் இளைஞர் கிளேயிடம் நான்காஞ் சுற்றில் தோற்றவரும் அவரே. 1960இல் கிளேக்குச் சிலகாலம் பயிற்சியளித்தவரும் அவர்தாம்; பயிற்சிக் கூடத்திற் பாத்திரங் கழுவவும் தரை கூட்டவும் பணித்தமை பிடியாது கிளே புறப்பட்டுவிட்டார். ஒருவருக்கு ஒன்பது சுற்று, மற்றவருக்கு நான்கு சுற்று. ஆதலின் அலியே வல்லவர் என்று நம் மாணவன் உடனே கணக்கிட்டான். அந்தோ, பாலம் உளுத்த பாலம். இரண்டு போட்டிகளுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். மூர் பிறந்தது 1913இலா 1916இலா என்பதே தாய்க்கும் மகனுக்கும் இடையே வழக்காயிருந்தது. எவ்வாறு கொள்ளினும், கிளேயின்முன் நின்றபோது அவருக்கு 45க்குக் குறையாது.

நம் இதிகாசத்திலும் இத்தகைய சந்திப்பு ஒன்று உண்டு. திரேதா யுகத்து அனுமன் கிழக்குரங்காக வழியிற் படுத்திருக்க, துவாபர யுகத்து வீமன் வருகிறான். வாலைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுப் போ என்கிறான் அனுமன். வீமனால் அவ்வாலை அசைக்கவும் முடியவில்லை. பழைய யுகமே வென்றது, இளையவன் வணங்கினான். கதை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைப் பருவத்தில் நமக்கு இஃது எத்துணை இன்பந் தந்தது! குத்துச்சண்டை மேடையில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு மறுதலை.

1951 ஒக்டோபர் 26இல் நியூயோர்க்கில் மார்சியானோவின் முன் நின்றவர் ஜோ லூயிஸ். 1937 முதல் 1949 வரை பட்டத்தைக் கைவிடாதிருந்த மாவீரர். மார்சியானோ இளமையிற் போற்றியவர். வருமானவரிக் கடன் கழுத்தை நெரித்தமையால் 37ஆவது வயதிலும் அவர் கையுறை மாட்டவேண்டியதாயிற்று. எட்டாஞ் சுற்றிற் கயிறுகளுக்கு ஊடாக மேடைக்கு வெளியே சரிந்தார். வென்ற மார்சியானோ, தோற்றவரின் அறைக்குச் சென்று அழுதார் என்று எழுதியிருக்கின்றனர். 1980 ஒக்டோபர் 2இல் லாஸ் வேகாசில் அலியின் முன் நின்றவர் லரி ஹோம்ஸ். முன்னர் அலிக்குப் பயிற்சித் துணையாக நின்று அடி வாங்கியவர். 38 வயது அலி பத்துச் சுற்றுக்களில் ஒன்றையேனும் வெல்லவில்லை. அவரது பக்கத்தாரே போட்டியை நிறுத்தினர். அன்றும் வென்றவரே அழுதார். விதிவிலக்கு உண்டு, மறைக்கமாட்டோம்: 1994 நவம்பர் 5இல் ஜோர்ஜ் போர்மன், கின்ஷாசாவில் அணிந்த அதே காற்சட்டையுடன் ஏறி, 26 வயது மைக்கல் மூரரைப் பத்தாஞ் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். போர்மனுக்கு அன்று வயது 45. மியாமியின் அடைத்த கூடத்திற் பொய்மயிருடன் நின்ற மார்சியானோவின் வயதும் அதுவே.

இவ்வளவுங் கூறியபின், "சரி சேர், உண்மையா அடிபட்டால் ஆர் வெல்லுறது?" என்றே இருவரும் கேட்டனர். வாசகரும் அதனையே கேட்பர் என்பதை அறிவோம். ஆசிரியர் என்றாற் தீர்ப்புச் சொல்லாமற் தப்ப முடியாது போலும்.

1952 செப்டெம்பர் மாதத்து மார்சியானோவையும் 1967 மார்ச் மாதத்து அலியையும் அழைப்போம். மார்சியானோ 184 இறாத்தல். உயரம் ஐந்தடி பத்து அங்குலத்துக்குச் சற்று மேல். இன்றைய விதிப்படி 200 இறாத்தலுக்கு உட்பட்டவருக்கு வேறு பிரிவே இருக்கின்றது. அவர் அதிபாரப் பிரிவில் ஏறவேண்டிய தேவையே இராது. அலி ஆறடி மூன்று அங்குலம், ஏறத்தாழ 210 இறாத்தல்; கைவீச்சோ பத்து அங்குலம் கூடுதல். அதாவது மார்சியானோ கை நீட்டி எட்டமுடியாத இடத்தில் நின்றபடியே அலி அவரைத் தொடலாம். பதினைந்து சுற்றுக்கள். மணி அடிக்கின்றது.

முதல் நான்கு சுற்றுக்கள் பார்ப்பதற்கே பாவமாயிருக்கும். குனிந்து நெருங்கும் மார்சியானோவின் முகத்தில் அலியின் இடக்கை மழைத்துளிபோல் விழும். அவர் குத்துமுன் அலி அங்கில்லை. ஆயின் மார்சியானோ சலிப்பவரல்லர். தலை எட்டாவிடிற் கையைக் குத்துவார், தோளைக் குத்துவார், விலாவைக் குத்துவார். பிறேசியரைப்போற் குனிந்து புகுபவரே அலியை என்றும் வருத்தியவர் என்பதையும், 1963 ஜூன் மாதத்தில் இலண்டனில் ஹென்றி கூப்பரின் ஓர் இடக்கைக் குத்து அவரைத் தரையில் இருத்தியதையும் நாம் மறக்கவில்லை. ஏழு, எட்டாஞ் சுற்றுக்களில் அலியின் கால்கள் சற்றுக் கனக்கும். கயிற்றோரம் ஒருமுறை அகப்படுவார். மண்டபம் எழுந்து நிற்கும். அவர் வீழ்வார் என்றே நாம் கருதுகிறோம். எழுவார் என்பதிலும் ஐயமில்லை, ஏனெனிற் கணனி அறியாத 1971ஐ நாம் அறிவோம்.

அதன்பின் மார்சியானோவின் முகம். 1954 செப்டெம்பரில் எசார்ட் சார்ள்சுடன் மோதியபோது அவர் மூக்கு நுனி இரண்டாகப் பிளந்தது. மருத்துவர் நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சி எட்டாஞ் சுற்றில் விரைந்து முடித்தார். சார்ள்சின் கையால் பிளந்த மூக்கு அலியின் கைக்குத் தாங்குமா? பதினோராஞ் சுற்றில் குருதி கண்ணை மறைக்க நடுவர் கை காட்டுவார். மார்சியானோ இன்னும் நின்றுகொண்டே இருப்பார்; வேண்டாம், நிறுத்தாதீர் என்று மன்றாடுவார். இது நம் தீர்ப்பு.

ஐரோப்பியப் படியை வாசித்திருந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். மற்றவன் தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்தபடி, "அப்ப சேரும் உங்களுக்கு விருப்பமான ஆளைத்தானே வெல்ல விட்டனீங்கள்" என்றான்.

மறுக்க முயன்றோம், இயலவில்லை. 1996இல் நாம் பள்ளி மாணவராயிருந்த நாளில், அற்லான்ரா ஒலிம்பிக் தொடக்க விழாவிற் சுடரேற்றிய அலியின் படத்தைப் பழைய பத்திரிகையொன்றிற் கண்டோம். நோயினால் நடுங்கும் அக்கையைப் பற்றி அடியிலே இரண்டு வரிகள் இருந்தன. அப்படத்தை வெட்டிக் கொப்பியின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்தோம். மார்சியானோவின் படம் எதனையும் அவ்வயதில் நாம் கண்டதில்லை. இதை அவனிடம் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது.